ஒரு ஆள் தூக்கக்கூடிய கம்பளம்: கொழும்புத் தொடர்மாடிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு எடுத்து வந்த முதல் மாதமே நாங்கள் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பெரிய சிவப்புக் கம்பளம். எட்டடிக்குப் பத்தடி. இரண்டு பேர் தோளில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றித் தந்தார்கள். வெள்ளை டைல்ஸ் மேல் அதை விரித்ததும் வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது. மே மாதம் மழை தொடங்கியது. ஜூன் முடிவதற்குள் கதவைத் திறந்தாலே ஈரச் சாக்கு வாசனை. மகள் விடிய எழும்பியதும் பத்துப் பன்னிரண்டு தும்மல், மூக்கடைப்பு, கண் கடி. அம்மா பீனிசம் என்றார். மருத்துவர் தூசி ஒவ்வாமை என்றார், கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள் அல்லது அடிக்கடி வெயிலில் போடுங்கள் என்றார். நானும் மனைவியும் சோபாவை நகர்த்தி, கம்பளத்தைச் சுருட்டி, கதவு வரைக்கும் இழுத்தோம். அதற்கு மேல் முடியவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே விதிதான்: வீட்டில் இருக்கும் ஒருவர் தனியாகச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏற முடியாத கம்பளம் வேண்டாம். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த விதியை ஒட்டியதுதான். ஊரிலிருந்து கொழும்புக்கு இப்போதுதான் வந்து, வீட்டை அழகாகவும் வைக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தும்மலும் இழுப்பும் வராமலும் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: கொழும்புக் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றின் சாப்பாடு. அவை கடிப்பதில்லை. அவற்றின் எச்சமும் உடைந்த உடல் துகள்களும் காற்றில் எழும்பி மூக்குக்குள் போகும்போதுதான் ஒவ்வாமை உள்ளவருக்குத் தும்மலும் இழுப்பும் வருகின்றன.

இவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். கொழும்பில் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேதான். அதனால் தூசி உண்ணியே இல்லாத வீடு என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். அவை தங்கும் இடத்தைக் குறைப்பதும், தங்கியதைக் கழுவி அகற்றுவதும்தான் நம்மால் முடிந்தது. அதை ஒழுங்காகச் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பூச்சி மருந்து அடிப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்ணி செத்தாலும் எச்சம் அங்கேயேதான் கிடக்கும்.

காலி வீதிக்குக் கடற்பக்கமாக வீடு எடுத்தவர்களுக்கு இன்னொரு விஷயம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலைப் பார்த்த பல்கனியில் இரவு முழுக்கக் கிடந்த விரிப்பைக் காலையில் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும்.

இரண்டாம் படி: கடைக்குப் போக முதல் பழைய பத்திரிகை

வாங்க நினைக்கும் அளவுக்குப் பழைய பத்திரிகைகளை நிலத்தில் விரித்து, விளிம்பை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு நாள் அதன் மேல் நடந்து பாருங்கள். கதவு தட்டுகிறதா, மின்விசிறியின் வயர் குறுக்கே போகிறதா, சாப்பாட்டுக் கதிரையை இழுக்கும்போது விளிம்பில் மாட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

சிறிய ஹோலுக்கு நாலடிக்கு ஆறடி போதும். கொஞ்சம் பெரிதென்றால் ஐந்துக்கு எட்டு. சோபாவின் முன்கால்கள் இரண்டும் கம்பளத்தின் விளிம்பில் ஏறி நின்றால் இருக்கைகள் ஒன்றாகச் சேர்ந்தது போல ஒரு அமைப்பு கிடைக்கும். ஆனால் சோபா பாரமானது என்றால் முன்கால்களுக்கு ஓரடி முன்னால் கம்பளம் தொடங்கட்டும். சோபாவைத் தூக்காமல் கம்பளத்தை எடுக்க முடிந்தால் நீங்கள் அடிக்கடி எடுப்பீர்கள், முடியாவிட்டால் தள்ளிப்போடுவீர்கள். சுவரோரம் ஓரடியாவது வெறும் நிலம் தெரியட்டும். சின்ன அறை பெரிதாகத் தெரியும், துடைக்கவும் சுகம்.

சுவரிலிருந்து சுவர் வரை ஒட்டிய காப்பெட் போட்ட வீடு வாடகைக்கு வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடச் சொல்வேன். அதைத் தூக்கவும் முடியாது, கழுவவும் முடியாது.

மூன்றாம் படி: எதில் செய்தது என்று பார்த்து வாங்குங்கள்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கடையில் கம்பளத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள், முதலில் புரட்டி முதுகைப் பாருங்கள். நெய்த கம்பளமென்றால் முகத்தில் உள்ள அதே கோலம் முதுகிலும் தெரியும். முதுகில் ஒரு துணி ஒட்டி, கோலமே தெரியாமல் மூடியிருந்தால், அது பெரும்பாலும் நூலைக் குத்தி றப்பர்ப் பசையால் பிடிக்க வைத்தது. இந்த ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தப் பசை சில வருடங்களில் மாவாக உதிரத் தொடங்கும். கம்பளத்தைத் தூக்கினால் டைல்ஸ் மேல் மஞ்சள் பொடி கிடக்கும். அதுவே ஒரு தூசி. எங்கள் சிவப்புக் கம்பளம் அந்த வகைதான்.

நீண்ட மயிர் வைத்த, கால் புதையும் கம்பளம் தொடும்போது இதமாக இருக்கும். ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. தூசி அடிவேர் வரைக்கும் இறங்கிவிட்டால் எந்த இயந்திரத்தாலும் முழுதாக எடுக்க முடியாது. கட்டை மயிர், அல்லது மயிரே இல்லாத தட்டை நெசவுதான் எங்களுக்குச் சரிவந்தது.

பருத்தி: என் முதல் தெரிவு. தட்டையாக நெய்த பருத்தி விரிப்பு பாரமில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவலாம், விலையும் தாங்கும். நிறம் போகும் வகையா என்று பார்க்க, கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள்.

கம்பளி: அழகு, நீண்ட காலம் உழைக்கும். புதிதில் சில மாதங்களுக்கு நூல் உதிரும், அது பழுதல்ல. ஆனால் நனைந்தால் பாரம் நன்றாகக் கூடும், காய நாள் எடுக்கும், பூச்சியும் அரிக்கும். வாங்கினால் சிறிதாக வாங்குங்கள்.

செயற்கை நூல்: பொலிப்ரொப்பிலீன் கம்பளங்கள்தான் புறக்கோட்டையில் அதிகம். நூல் தண்ணீரை உறிஞ்சாது, கெதியில் காயும். முதுகில் றப்பர் இல்லாததாக, மெல்லியதாகப் பார்த்து எடுத்தால் கொழும்புக்கு நல்ல பொருள்தான்.

தும்பு: வாசற்படிக்கு வெளியே இதை அடிக்க வேறொன்றுமில்லை. தென்னந்தும்பு ஈரத்தில் இலகுவில் அழுகாது, காலிலுள்ள மண்ணைச் சுரண்டி எடுத்துவிடும். வீட்டுக்குள்ளே விரிக்க முரடு.

பாய்கள்: நாம் மறந்துவிட்டோம் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமான இடம் இது. பன்பாயிலும் பனையோலைப் பாயிலும் மயிர் இல்லை, தூசி ஒளிய ஆழம் இல்லை. ஈரத்துணியால் ஒரு துடை, ஒரு மணித்தியால வெயில், ஒரு சுருட்டு, அவ்வளவுதான் பராமரிப்பு. கிழக்கில் இழைக்கும் நிறப் பன்பாய் ஒன்றை ஹோலில் விரித்து, மேலே இரண்டு மருதமுனைக் கைத்தறி உறை போட்ட தலையணைகளை வைத்துப் பாருங்கள். வருபவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்காமல் போகமாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் பாய் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். நாளுக்கு ஒருமுறையாவது எடுத்துச் சாத்தி வையுங்கள்.

கண்டிக்கு அருகே ஹேனவலக் கிராமத்தில் நெய்யும் தும்பறைப் பாய்களையும் சொல்ல வேண்டும். ஒரு வகைச் செடி நாரில் நெய்த, சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமான கோலங்கள். அந்தக் கைத்தொழிலை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காலில் மிதிபட விட எனக்கு மனம் வரவில்லை, சுவரில் மாட்டியிருக்கிறோம். நிலத்தில் கம்பளமே போட முடியாத அளவுக்கு ஒவ்வாமை உள்ள வீட்டில், நிறத்தைச் சுவருக்கு ஏற்றிவிடுவது நல்ல வழி.

எங்கே வாங்கலாம் என்றால், விலை முக்கியமென்றால் புறக்கோட்டை. குறுக்குத் தெருக்களிலும் கெய்சர் வீதியிலும் நடந்து பாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், நெரிசலில் முதுகைப் புரட்டிப் பார்க்க இடம் கிடைக்காது. கைவினை வேண்டுமென்றால் லக்சலவில் பாய்களும் விரிப்புகளும் இருக்கும். பனையோலைப் பொருட்களுக்குப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையம். ஊருக்குப் போய் வருபவர்கள் பஸ்ஸில் ஒரு பாயைச் சுருட்டிக் கொண்டு வருவதும் நடக்கிற காரியம்தான்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கொழும்புத் தொடர்மாடிகளில் பெரும்பாலும் வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் டைல்ஸ். அதன் மேல் கடும் கறுப்பு, கடும் நீலம் போட்டால் ஒவ்வொரு தூசித் துகளும் தலைமயிரும் தெரியும். முழு வெள்ளை போட்டால் தேநீர்க் கறை தெரியும். செம்மண் நிறம், கடுகு நிறம், இலைப்பச்சை போன்ற நடுத்தர நிறங்களில் சிறிய கோலம் உள்ளதே நிம்மதி. ஆனால் அழுக்கு தெரியவில்லை என்பதற்காகக் கழுவாமல் விடக்கூடாது.

நான்காம் படி: எங்கே போடக்கூடாது

ஒவ்வாமை உள்ளவர் படுக்கும் அறையில் கம்பளம் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எட்டு மணித்தியாலம் முகம் நிலத்துக்கு அருகில் இருக்கும் இடம் அது. கட்டிலிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு சின்னப் பருத்திக் கால்மிதி போதும், அதையும் துவாயோடு சேர்த்துக் கிழமைக்கு ஒருமுறை கழுவிவிடலாம்.

குசினியில் எண்ணெய், குளியலறை வாசலில் ஈரம், சாமியறையில் விளக்கெண்ணெயும் சாம்பலும். இந்த மூன்று இடத்திலும் கம்பளம் கெட்டுப்போகும். சாமியறைக்குப் பாய்தான் பொருத்தம். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, நுளம்புத்திரி மூன்றின் புகையையும் குறையுங்கள். தூசியை எவ்வளவு துடைத்தாலும் புகை நெஞ்சை உறுத்தும். நுளம்புக்கு வலை கட்டுங்கள், யன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள்.

வயதானவர்கள் இருந்தால் கம்பளத்துக்கு அடியில் வழுக்காத வலைத்தாள் போட வேண்டும். கண் கண்ணாக ஓட்டை உள்ளதைத் தேடுங்கள். முழு றப்பர்த் தாள் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், டைல்ஸில் கறையாக ஒட்டியும் போகும்.

ஐந்தாம் படி: கிழமை வேலை

மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் மின்விசிறி. ஒரு பழைய தலையணை உறையை இதழ் மேல் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். அப்புறம் அலுமாரியின் மேல், யன்னல் கம்பிவலை, மேசை, கதிரை. எல்லாவற்றுக்கும் ஈரத்துணி. உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம்தான் மாறும். குளிர்சாதனம் இருந்தால் அதன் தூசி வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அது அறையின் ஈரத்தையும் குறைக்கும் என்பதால் மழைக்காலத்தில் பகலில் ஒரு மணித்தியாலமாவது போடுவது வீண் செலவல்ல.

நிலத்துக்குத் தும்புத்தடியால் மெதுவாகக் கூட்டி, உடனே ஈர மொப். விசிறி ஓடும்போது கூட்ட வேண்டாம். பிளீச்சையும் வினாகிரியையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

கம்பளத்துக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் நல்லது. வாங்குவதென்றால் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். 0.3 மைக்ரோன் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். வடிகட்டி நல்லதில்லாவிட்டால் நுண்ணிய தூசியைப் பின்பக்கத்தால் அறைக்குள்ளேயே ஊதிவிடும். வேகமாக இழுக்காமல் ஒரே இடத்தில் மெதுவாக, நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்டுங்கள். பிறகு புரட்டி முதுகையும். ஒவ்வாமை உள்ளவர் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். இயந்திரம் இல்லையா, பரவாயில்லை. அடுத்த படிதான் அதைவிட முக்கியம்.

ஆறாம் படி: வெயில்

மாதத்துக்கு இரண்டு முறை, நல்ல வெயில் நாளில், காலை ஒன்பது பத்து மணிக்குக் கம்பளத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். தொடர்மாடி நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பல இடங்களில் பல்கனிச் சுவரில் எதையும் தொங்கவிட அனுமதியில்லை, கீழ்வீட்டு யன்னலுக்குள் உங்கள் தூசி போவதும் முறையல்ல.

வாய், மூக்கை மறைத்து ஒரு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கொடியில் முதுகுப்பக்கம் மேலே தெரியும்படி போட்டுத் தடியால் நன்றாக அடியுங்கள். தூசி வருவது நிற்கும் வரை அடித்துவிட்டு அப்படியே விடுங்கள். முதுகு வெயிலைப் பார்த்தால் முகத்தின் நிறம் மங்காது. இரண்டு மணித்தியாலம் கழித்துச் சூடு ஏறியதும் புரட்டி, அரை மணித்தியாலம் முகத்தையும் காட்டுங்கள். வெயிலின் சூடும் வறட்சியும் உண்ணிகளைக் கொல்லும். ஆனால் செத்தது உள்ளேயே இருக்குமே, அதனால் எடுக்க முதல் இன்னொருமுறை அடிக்க வேண்டும். இந்த இரண்டாவது அடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மணிக்குள் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடற்காற்றின் ஈரம் ஏறத் தொடங்கும்.

கறை பட்டால்

தேநீரோ கறியோ கொட்டினால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் நூலுக்குள் இறங்கும். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி அழுத்தி எடுங்கள், வெளி விளிம்பிலிருந்து நடுவுக்கு. பிறகு கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், மறுபடி அழுத்தல். மஞ்சள் கறை மட்டும் பிடிவாதமானது. பருத்தியென்றால் கழுவி நேரடி வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. வாசனை இருந்தால் அப்பச்சோடாவைத் தூவி, இரவு விட்டு, காலையில் தட்டி எடுக்கலாம்.

எது நடந்தாலும் நனைந்த இடம் அடுத்த நாளுக்குள் காய வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அப்புறம் அந்த வாசனை போகாது. ஒருமுறை கம்பளத்தைக் கழுவக் கொடுத்தேன். பிளாஸ்டிக்கில் சுற்றி அழகாகத் திருப்பித் தந்தார்கள். உள்ளே காயவே இல்லை, மூன்றாம் நாள் முதுகில் கரும்புள்ளிகள். இப்போது கழுவக் கொடுக்கும் இடத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே, எத்தனை நாள் காயப்போடுவீர்கள் என்பதுதான். திரும்பி வந்ததும் அடியில் ஒரு பத்திரிகைத் தாளை வைத்து இரவு விடுங்கள். காலையில் தாள் நெளிந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கட்டிலையும் மறக்க வேண்டாம்

உண்ணிகள் கம்பளத்தைவிட மெத்தையிலும் தலையணையிலும்தான் அதிகம். கட்டில் விரிப்பையும் உறைகளையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை செல்சியஸ் சூட்டில் கழுவ வேண்டும். இங்கே பல வீட்டு இயந்திரங்களில் தண்ணீர் சூடாக்கும் வசதி இல்லை. கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிசமமாக வாளியில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து, துணியைத் தடியால் அமிழ்த்தி, மூடி இருபது நிமிடம் ஊறவிட்டு, பிறகு வழக்கம் போலக் கழுவுங்கள். பஞ்சு பொம்மைகளைப் பையில் கட்டி உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு முழு நாள் வைத்துவிட்டுக் கழுவலாம். மருத்துவர் இழுப்புக்கு வாயால் உறிஞ்சும் பம்ப் தந்திருந்தால், வீடு சுத்தமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஏழாம் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் இன்னும் கடுமையாகப் பெய்யும். நாம் தீபாவளிக்கு வீடு கழுவிப் பழகியவர்கள். கொழும்பில் அந்தப் பழக்கத்தைக் கம்பளத்துக்கு மட்டும் மாற்ற வேண்டும். அந்த மாதங்களில் நனைத்தால் காய வழியில்லை. தீபாவளிக்கு நிலத்தையும் யன்னலையும் கழுவுங்கள், கம்பளம் கழுவுவதைத் தைப்பொங்கலுக்கு ஒதுக்குங்கள். ஜனவரி, பெப்ரவரிதான் இங்கே மழை குறைந்த மாதங்கள்.

கம்பளிக் கம்பளம் ஒன்று வைத்திருப்பவர்கள் ஒக்டோபரில் தொடங்கும் கடும் மழை மாதங்களில் அதை எடுத்து வைத்துவிடுவதே மேல். செப்டெம்பர் முடிவில் கடைசி நல்ல வெயில் கண்டு, அடித்து, சூடு ஆறியதும் முகம் உள்ளே போகும்படி சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பில் நூல் ஒடியும். உள்ளே காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள். பழைய பருத்திச் சேலையால் சுற்றிக் கட்டுங்கள், பொலித்தீன் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். நிலத்தில் படாமல் ஒரு பலகை மேல், சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் கிடத்துங்கள். அந்த மாதங்களில் ஹோலில் பன்பாய் கிடக்கட்டும். தை பிறந்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் எறித்ததும் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேலையை அவிழுங்கள்.